காப்புறுதி எடுக்கலாமா, தம்பி? கொமியூனிகேஷன் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் நகரில் சிறிய கொமியூனிகேஷன் கடை ஒன்று நடத்துகிறேன். போட்டோ பிரதி, ரீலோட், அடையாள அட்டைப் படம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. பலகையில் எழுதாத வேலை, படிவம் நிரப்புவது. தேயிலைத் தோட்டங்களில் பத்தாம் திகதி சம்பளம் போட்ட மறுநாள் கடை வாசலில் நிற்பவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு படிவத்தோடுதான் நிற்பார்கள். சில வருடங்களாக அந்தத் தாள்களில் காப்புறுதித் தாள்கள் கூடிக்கொண்டே வருகின்றன, கூடவே கேள்விகளும். ஒரே பதிலைத் தினமும் சொல்லி வாய் வலிக்கிறது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வைத்தியரும் அல்ல, காப்புறுதி முகவரும் அல்ல. யாரைச் சேர்த்துவிட்டாலும் எனக்குக் கமிஷன் கிடையாது.

அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தானே, பிறகு காப்புறுதி எதற்கு?

கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். முகவர்கள் இதைக் கேட்க விடுவதில்லை. இந்த நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் கட்டிலுக்கோ, வைத்தியருக்கோ, சத்திரசிகிச்சைக்கோ பணம் வாங்குவதில்லை. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டி 2017இல் திறந்த 150 கட்டில் வைத்தியசாலை இருக்கிறது. அதற்கு மேல் நுவரெலியா, நாவலப்பிட்டி, பதுளை; இன்னும் பெரிதானால் கண்டி, பேராதனை. பிள்ளைகளுக்குப் பேராதனையில் தனி வைத்தியசாலையே உண்டு.

அப்படியானால் நோய் வந்தால் காசு எங்கே கரைகிறது? சுற்றியுள்ள செலவில். வார்டில் மருந்து இல்லையென்று வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். ஸ்கேனுக்குத் திகதி இரண்டு மாதம் தள்ளி விழுந்தால் பொறுக்காமல் தனியாரிடம் ஓடுகிறோம். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போக பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட ஆகிறது. நோயாளியோடு என்றால் வேன்தான். எல்லாவற்றுக்கும் மேலாக நின்றுபோகும் நாட்சம்பளம். எனவே நான் திருப்பிக் கேட்பது இது: உங்கள் வீட்டில் கடைசியாக ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காசு எதற்குப் போனது? அந்தக் கணக்கைச் சொன்னால் எந்தக் காப்புறுதி என்று பேசலாம். கணக்கில்லாமல் வாங்குவது, சைஸ் பார்க்காமல் செருப்பு வாங்குவதைப் போன்றது.

நமக்கு ஏற்கனவே ஏதாவது காப்புறுதி இருக்கிறதா?

பலருக்கு இருக்கிறது, தெரியாது. கடைக்கு வருபவர்களிடம் நான் முதலில் தேடச் சொல்வது இவற்றைத்தான்.

செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில், பேர் இருக்கிற எல்லோருக்கும் ஊழியர் சேமலாப நிதியம் தெரியும்; உங்கள் சம்பளத்தில் 8 வீதம், நிர்வாகம் 12 வீதம். அதன் தம்பியான ஊழியர் நம்பிக்கை நிதியத்தைத்தான் மறந்துவிடுகிறோம். அதற்கு நிர்வாகம் 3 வீதம் கட்டுகிறது, நம் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டுவதில்லை. வெட்டாத காசு கண்ணில் படுவதுமில்லை. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணில் புரை எடுத்து வில்லை வைப்பது போன்றவற்றுக்கு இந்த நிதியத்தில் உதவித் திட்டங்கள் உண்டு. அங்கத்தவர் இறந்தால் குடும்பத்துக்கும் ஒரு தொகை உண்டு. போன மாரியில் ஒரு அம்மா கண் வில்லைக்குச் சங்கிலி அடகு வைத்த ரசீதைப் பிரதி எடுக்க வந்தார். இருபது வருடம் கொழுந்து எடுத்தவர். அந்தத் திட்டத்தைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வீட்டில் ஆசிரியரோ வேறு அரச ஊழியரோ இருந்தால் அக்ரஹார காப்புறுதி இருக்கும். துணைக்கும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017இல் தொடங்கிய சுரக்ஷா திட்டம் நடுவில் நின்று மறுபடி வந்தது. இன்றைய நிலையை அதிபரிடம் கேளுங்கள். மத்திய கிழக்குக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போன பெண்களுக்கும் காப்புறுதி உண்டு. ஒப்பந்தத்தின் பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

வேலைத்தலத்தில் காயப்பட்டால் அது வேறு கணக்கு. 1934ஆம் ஆண்டிலிருந்தே வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மலையில் வழுக்கி விழுந்து கை முறிந்ததற்குச் சொந்தக் காப்புறுதியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். விபத்தை அன்றே தோட்ட அலுவலகத்தில் பதியச் செய்யுங்கள். கங்காணியிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது பதிவு ஆகாது.

எந்த வகைக் காப்புறுதி நல்லது?

இங்கே விற்கப்படுவதைச் சுருக்கினால் இரண்டு வகை. ஒன்று, ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுவது. மற்றது, ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று கையில் காசு தருவது. பெரும்பாலும் இரண்டுமே ஆயுள் காப்புறுதியோடு ஒட்டி வரும் கிளைகளாகத்தான் தனியாட்களுக்குக் கிடைக்கின்றன.

பில் கட்டும் வகை, தனியார் வைத்தியசாலைக்குப் போகிறவர்களுக்குப் பொருத்தம். தோட்டத்தில் இருக்கும் நமக்குப் பெரிய தனியார் வைத்தியசாலை என்றாலே கண்டி அல்லது கொழும்பு. பத்து இலட்சம் ரூபாய் காப்பு என்று பத்திரத்தில் இருக்கும். டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ அரசாங்க வார்டில் படுத்தால் பில்லே இல்லை. பில் இல்லாத இடத்தில் அந்தப் பத்து இலட்சம் எதைக் கட்டும்? அரசாங்க வைத்தியசாலையில் படுத்தால் நாளுக்கு ஒரு தொகை என்று சில பத்திரங்களில் ஒரு வரி இருக்கும். இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

நாட்சம்பளக்காரருக்கு நாள் காசு வகைதான் கூடுதலாகப் பயன்படுகிறது என்பது என் கருத்து. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாயையே எடுப்போம். அம்மா ஆறு நாள் வார்டில். மகள் துணைக்கு நிற்கிறாள். அம்மாவின் சம்பளம் 8,100 ரூபாய் போனது; மகளும் கொழுந்துக்குப் போகிறவள் என்றால் இன்னொரு 8,100. மொத்தம் 16,200 ரூபாய். ஒரு மாத்திரையும் வாங்குவதற்கு முன்னே இவ்வளவு. இதே ஆறு நாளுக்கு நாளொன்றுக்கு 2,000 ரூபாய் தரும் காப்பு என்று வைத்துக்கொண்டால் 12,000 ரூபாய் கிடைக்கும். முழுதும் ஈடாகாது, ஆனாலும் கடைக்காரரின் கடன் கொப்பியில் எழுத வேண்டியது நன்றாகக் குறையும்.

இங்கே ஒரு கொக்கி இருக்கிறது. சில பத்திரங்களில் முதல் நாளோ முதல் இரண்டு நாளோ கணக்கில் வராது. முதல் இரண்டு நாள் கழிந்தால் அந்த 12,000 ரூபாய் 8,000 ஆகிவிடும். காய்ச்சல், வயிற்றோட்டம் என்று இரண்டு நாளில் துண்டு வெட்டி அனுப்பிவிட்டால் ஒன்றுமே இல்லை. ஆகவே நாளுக்கு எவ்வளவு என்பதற்கு முன்னால், எத்தனையாவது நாளிலிருந்து என்று கேளுங்கள்.

சீனி வியாதி இருப்பதைச் சொன்னால் காப்புறுதி தர மாட்டார்கள் என்கிறார்களே. மறைக்கலாமா?

மறைக்காதீர்கள். இதை நான் சட்டம் படித்துச் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். ஆங்கிலப் படிவம். நடுவில் ஒரு பக்கம் முழுவதும் நோய்களின் பட்டியல். எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்ட வரிசை. முகவர் ஒன்றையும் வாசிக்கவில்லை. பேனாவை "இல்லை" வரிசையின் தலையில் வைத்து அடி வரைக்கும் ஒரே கோடாக இழுத்தார். "இதெல்லாம் சும்மா கேட்பது ஐயா, இங்கே ஒரு கையெழுத்து" என்றார். அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். அந்த நேரம் அவருடைய கிளினிக் கொப்பி, முகவரின் தலைக்கு நேர் மேலே சுவரில் அடித்த ஆணியில், பொலித்தீன் பைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. சீனிக்கு மூன்று வருடமாக மருந்து எடுத்தார்.

இரண்டு வருடம் கழித்துக் காலில் புண்; பதினொரு நாள் வார்டில் இருந்தார். காசு கேட்டு எழுதினோம். அவர்கள் கிளினிக் கொப்பியின் பிரதியைக் கேட்டார்கள், கொடுத்தோம். முதல் பக்கத்தில் இருந்த திகதி, படிவத்தில் இருந்த திகதிக்கு மூன்று வருடம் முந்தியது. "முக்கிய விபரம் மறைக்கப்பட்டுள்ளது" என்று கடிதம் வந்தது. அப்பா எதையும் மறைக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவேயில்லை. ஆனால் கையெழுத்து அவருடையது.

சொன்னால் என்ன நடக்கும்? கட்டணம் கொஞ்சம் கூடலாம். அந்த நோயையும் அதனால் வருவதையும் தவிர்த்துவிட்டு மற்றவற்றுக்குக் காப்புத் தரலாம். மறுக்கவும் செய்யலாம். மூன்றுமே பரவாயில்லை, வருடக்கணக்கில் கட்டிவிட்டு ஏமாறுவதைவிட முதலிலேயே தெரிந்துகொள்வது இலாபம். படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்துக்கு முன் தமிழ் தெரிந்தவர், ஆங்கிலம் தெரிந்தவர் இரண்டு பேரை வைத்து வாசித்துக் கேளுங்கள். நிரப்பிய படிவத்தை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

சீனிக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் ஆகும் செலவை காப்புறுதி தருமா?

பெரும்பாலும் தராது. பொதுவாக இந்தக் காப்புறுதிகள் ஓர் இரவாவது கட்டிலில் கிடந்தால்தான் கண் திறக்கும். சனலிங் (தனியாரிடம் வைத்தியரைப் பார்க்கும்) கட்டணம், இரத்தப் பரிசோதனை, மாத மருந்து எல்லாம் வெளியே. நம்மை அதிகம் பிடிக்கிற நோய்களோ கட்டிலில் போடாமலேயே பத்து வருடம் காசையும் உடம்பையும் தின்பவை.

இதற்குப் பாதுகாப்பு வேறு இடத்தில், இலவசமாக இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் பல அரசாங்க வைத்தியசாலைகளிலும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் நடக்கிறது. 35 வயதைத் தாண்டிய யாரும் நோய் இல்லாமலே போகலாம். நிறை, உயரம், இடுப்பளவு, பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். "நோய் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் சனங்கள் என்ன நினைக்கும்?" என்று ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். அவருக்குப் பார்த்தபோது பிரஷர் 170.

சில எண்களை மனதில் வையுங்கள். வெறும் வயிற்றில் சீனி 100க்குக் கீழே இருக்க வேண்டும். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126ஐத் தொட்டு, மறுமுறை பார்த்தும் அப்படியே இருந்தால் நீரிழிவு. பிரஷர் அடிக்கடி 140க்கு 90ஐத் தாண்டினால் வைத்தியரிடம் போக வேண்டும். தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நினைப்பது தவறு. பெரும்பாலானோருக்கு அது ஒரு சத்தமும் காட்டாது.

சீனி எங்கிருந்து வருகிறது என்றால், பலகாரத்திலிருந்து மட்டும் அல்ல, கோப்பையிலிருந்து. ஒரு வெறுந்தேநீருக்கு இரண்டு கரண்டி, ஒரு நாளைக்கு ஆறு தேநீர் என்றால் பன்னிரண்டு கரண்டி. ஏறக்குறைய 50 கிராம் சீனி. அதுவே ஒருவர் ஒரு நாளில் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் காலையும் மாலையும் கோதுமை மா ரொட்டி. ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. பழைய ஆட்களைப் போல் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடித்துப் பார்த்தேன். இரண்டு கரண்டி கால் கரண்டியானது. ரசாயன இனிப்பு எதுவும் வாங்கவில்லை.

ஏற்கனவே சீனி உள்ளவர்கள் மலையிலிருந்து வந்ததும் காலைப் பாருங்கள். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்குவது, முள் குத்தியது தெரியாமல் இருப்பது, இரண்டும் கால் இழந்த கதைகளின் முதல் பக்கம். விரலிடுக்கை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு எப்போதும் களைப்பு, மூச்சு வாங்குகிறது. எந்தப் பரிசோதனை?

இரத்தத்தில் ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. தேயிலை நாட்டில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்: சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைத் தேயிலைச் சாயம் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீரில் விழுங்குவது, கொழுந்தைப் பறித்துப் பறித்து ஓட்டைக் கூடையில் போடுவதற்குச் சமம். தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கினால் நன்றாகச் சேரும். முருங்கை, பொன்னாங்காணி, நெத்தலி, முட்டை எல்லாம் உதவும்.

35 வயதுப் பெண்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போக வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை அங்கே இலவசம். வெட்கப்பட வேண்டாம், எப்போது எங்கே என்று மருத்துவமாதுவிடம் கேட்டால் சொல்வார். 2017 முதல் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அதற்கான தடுப்பூசி போடுகிறார்கள். சம்மதத் தாள் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

வெற்றிலை போடுவதைப் படிவத்தில் எழுத வேண்டுமா?

கேட்டிருந்தால் எழுத வேண்டும். பல படிவங்களில் சிகரெட், மது, புகையிலை என்று கேட்பார்கள். வெற்றிலையோடு புகையிலை சேர்த்தால் அதுவும் புகையிலைதான். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. குளிரில், மழையில், கொழுந்து நிறை கூட்டும் அவசரத்தில் வாயில் ஒரு வெற்றிலை எவ்வளவு துணை என்று எனக்குத் தெரியும். என் அம்மாவின் வெற்றிலைப் பை இன்னும் வீட்டில் இருக்கிறது. விட முடியாதவர்கள் மாதம் ஒருமுறை கண்ணாடியில் வாயைப் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, இரண்டு வாரத்தில் ஆறாத புண், மூன்று விரலை நிறுத்தி வைக்க முடியாத அளவுக்கு வாய் திறக்காமல் போவது: இதில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வலிக்காது, அதனால்தான் தாமதிக்கிறோம்.

குளவி கொட்டினால்?

நம் பத்திரிகையில் வாரத்துக்கு ஒருமுறை வரும் செய்தி. குளவி என்று எழுதுகிறார்களே தவிர, பல நேரம் அது மரத்திலும் பாறையிலும் கூடு கட்டும் பெரிய மலைத்தேனீதான். தேனீ கொடுக்கை விட்டுச் செல்லும். நகத்தாலோ அடையாள அட்டையின் விளிம்பாலோ உடனே வழித்து எடுங்கள். பிறகு சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் என்று நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்கு. முகமோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், மயக்கம் வந்தால் நிமிடங்கள்தான் இருக்கின்றன. நிறையக் கொட்டுப் பட்டவருக்கு முதலில் ஒன்றும் தெரியாமல் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்படலாம். "எனக்குச் சரியாகிவிட்டது" என்று வார்டிலிருந்து தானாக எழுந்து வரக் கூடாது. வேலை நேரத்தில் நடந்திருந்தால் மேலே சொன்ன நட்டஈட்டுப் பதிவு ஞாபகம் இருக்கட்டும். தனியார் காப்புறுதியில் விபத்துக் காப்பு எடுக்கும்போது, பூச்சி கொட்டுவது விபத்தில் சேருமா என்று கேளுங்கள். ஒரு முகவர் இந்தக் கேள்விக்குச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவசரத்துக்கு எதை அழைப்பது?

1990. சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. 2016இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கி, பிறகு நம் பக்கமும் வந்தது. தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். மேல் பிரிவா கீழ்ப் பிரிவா, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், பக்கத்தில் கோவிலா, கொழுந்து நிறுக்கும் மடுவமா என்று சொல்லுங்கள். லயம் வரைக்கும் வாகனம் ஏறாத இடமானால், வண்டி வரும் நேரத்தில் கம்பளியில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவரலாம். ஆனால் விழுந்து கழுத்தோ முதுகோ அடிபட்டவரை அப்படி மடித்துத் தூக்கக் கூடாது. பலகையோ கதவோ வேண்டும். வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது பாரிசவாதத்தின் அடையாளம். எந்த மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான். மனம் தாங்காத நேரத்தில் பேச 1926 இருக்கிறது.

பெயர் எழுத்து மாறியிருக்கிறது. காசு கிடைக்குமா?

மலையகத்துக்கே உரிய தலைவலி இது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, செக்ரோலில் அப்பா பெயர் முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரே இல்லை. பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியது, தலைமுறையாகத் துரத்துகிறது. ஆஸ்பத்திரியில் சேரும்போது அவசரத்தில் "மாரியாயி" என்று சொல்லி, நோய் நிர்ணய அட்டையில் அப்படியே விழுந்துவிட்டால், பத்திரத்தில் உள்ள "மாரியம்மா" வேறு ஆள் ஆகிவிடுகிறார்.

சேரும்போதே அடையாள அட்டையைக் கொடுத்து அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். துண்டு வெட்டும்போது அட்டையை வாங்கிய இடத்திலேயே பெயர், வயது, சேர்ந்த திகதி, வெளியேறிய திகதி நான்கையும் சரிபாருங்கள். வார்டில் திருத்துவது ஐந்து நிமிட வேலை. வீட்டுக்கு வந்த பிறகு திருத்துவது ஒரு நாட்சம்பளம். பழைய வித்தியாசத்துக்கு, இரு பெயரும் ஒருவரே என்று கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதம் அல்லது சத்தியக் கடதாசி கேட்பார்கள். காப்புறுதி எடுக்கும் முன்னரே செய்து வைப்பது நல்லது.

அம்மா அப்பாவைச் சேர்க்கலாமா?

பெரும்பாலான பத்திரங்களில் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும். சேர்த்தாலும் வயதுக்கு ஓர் எல்லை இருக்கும், கட்டணமும் எகிறும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கட்டணத்தை மாதம் மாதம் தபாலகத்திலோ வங்கியிலோ தனியாகப் போட்டு வைப்பது மேல் என்று நான் சொல்லி, இரண்டு முகவர்களின் கோபத்தைச் சம்பாதித்திருக்கிறேன்.

கொழும்பில் வேலை செய்யும் மகனுக்குக் கம்பனியே காப்புறுதி தருகிறது. போதாதா?

இருக்கும் வரைக்கும் நல்லது. வேலையை விட்ட அன்றே அதுவும் போய்விடும். நம் பையன்கள் ஒரு கடையில் எவ்வளவு காலம் நிற்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

முகவர் இன்றைக்கே கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்வது?

தேநீர் கொடுத்து அனுப்புங்கள், படிவத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல முகவர் மறுபடி வருவார். தமிழ்ப் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். காப்பு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். முதல் 30 நாள் போல ஒரு காத்திருப்புக் காலம் பொதுவாக இருக்கும், சில நோய்களுக்கு அது வருடக்கணக்கு. எவையெல்லாம் சேராது என்ற பக்கத்தை விரலை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கட்டிய காசுக்கு நிறுவனத்தின் ரசீது வர வேண்டும். முகவரின் கொப்பியில் அவர் எழுதுவது ரசீது அல்ல. பத்திரம் கைக்கு வந்த பிறகும் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க ஆயுள் காப்புறுதியில் சில நாள் அவகாசம் உண்டு. எத்தனை நாள் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும்.

கட்டணம் கட்ட முடியாத மாதம் வந்தால்?

மழை பெய்து வேலை குறைந்த மாதம், தீபாவளி முற்பணம் வெட்டும் மாதம், பாடசாலை தொடங்கும் ஜனவரி. வராமல் இருக்காது. சலுகை நாட்கள் முடிந்தும் கட்டாவிட்டால் பத்திரம் செத்துவிடும். முதல் சில வருடங்களுக்குள் நிறுத்தினால் கையில் திரும்புவது ஒன்றுமில்லை அல்லது மிகக் கொஞ்சம். எனவே நல்ல மாதத்தை அல்ல, வருடத்தின் மிக மோசமான மாதச் சம்பளத்தை வைத்துக் கட்டணத்தை முடிவு செய்யுங்கள். கட்டும் திகதியைச் சம்பளத்துக்குப் பிந்திய நாளாகக் கேட்டு வாங்குங்கள். 5ஆம் திகதி என்று போட்டால் ஒவ்வொரு மாதமும் கடன்தான்.

காசு தர மறுத்துவிட்டார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?

இல்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதை யாருக்கும் காட்ட முடியாது. பிறகு நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குக் கடிதம். அதிலும் தீராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்று ஒருவர் இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி எல்லாக் காப்புறுதி நிறுவனங்களையும் மேற்பார்க்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். தமிழில் எழுதுங்கள். மூலப் பத்திரங்களை அனுப்பாதீர்கள், பிரதி போதும். பதிவுத் தபாலில் போட்டு அந்தச் சிறிய ரசீதைக் கடிதத்தின் பிரதியிலேயே ஒட்டி வையுங்கள்.

அப்பாவின் முறைப்பாட்டுக் கடிதத்தை நாங்கள் சாதாரணத் தபாலில் போட்டோம். கிடைக்கவில்லை என்றார்கள். அதன் பிரதியைத்தான் இப்போது கடை மேசையில், பதிவுத் தபால் உறைகளுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.